பொங்கல் தின்ற அன்றும் நீலம்

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். பெரம்பலூரில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் பதினாறு வருஷம் ஆயாவாக வேலை பார்த்தேன். கூட்டுவது, ஊசியைக் கொதிக்க வைப்பது, வருகிறவர்களை வரிசையாக உட்கார வைப்பது. மூத்திரம் காய்ச்சிப் பார்ப்பதும் என் வேலைதான்.

சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க அப்போது எங்கள் பக்கத்தில் அதுதான் வழி. கண்ணாடிக் குழாயில் ஒரு ஸ்பூன் நீல மருந்து. இங்க் பில்லரால் எட்டுச் சொட்டு மூத்திரம். ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்கவிட்டு ஆறவைக்க வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம் இருக்கிறது. மஞ்சள் அதைவிட அதிகம். செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் நிறைய. இதற்குப் படிப்பு வேண்டாம், கண் போதும். டாக்டர் உள்ளேயிருந்து கேட்பார்.

"ஆயாம்மா, என்ன கலர்?"

நான் சொல்வேன். அவர் சீட்டில் எழுதிக்கொள்வார்.

ஆட்கள் எதில் வேண்டுமானாலும் பிடித்து வருவார்கள். பிராந்தி பாட்டில், தைலச் சீசா, கிரைப் வாட்டர் பாட்டில். ஒரு தடவை ஒரு பெண் தன் பிள்ளையின் டானிக் பாட்டிலில் கொண்டுவந்தாள். கொதித்ததும் செங்கல் நிறம். அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. டாக்டர் பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இதக் கழுவுனியா?"

"கவுத்து ஊத்திட்டுத்தாங்க புடிச்சேன்."

"அடியில டானிக் நிக்குது பாரு. சர்க்கரை அதுலதான் இருக்கு, உங்கிட்ட இல்ல. ஆயாம்மா, இனிமே முதல்ல பாட்டிலப் பாருங்க. அப்புறம் உள்ள இருக்கறதப் பாருங்க."

அன்றிலிருந்து பாட்டிலைத்தான் முதலில் பார்ப்பேன். சிவப்பு பொய் சொல்லும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீலமும் சொல்லும் என்று தெரியாது. தெரிந்தபோது என் வீட்டுக்காரரின் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது.

எங்கள் ஊர் குரும்பலூர். அவருக்கு ஏரிக்குக் கீழே அரை ஏக்கர் குத்தகை நிலம். மற்ற நாளில் கூலி வேலை. எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. கண்டுபிடித்தது நான்தான். அவருடைய டயர் செருப்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி இருந்தது. சுண்ணாம்பு சிந்திவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார். தொட்டுப் பார்த்தேன், பிசுபிசு என்று இருந்தது. வரப்பில் நின்று ஒன்றுக்குப் போனபோது தெறித்துக் காய்ந்திருக்கிறது. மறுநாள் ஒரு சீசாவை வெந்நீரில் கழுவிக் கொடுத்தேன்.

"என்னத்துக்கு?"

"புடிச்சுக் குடுங்க."

"டவுன்ல பாக்கற ஆயா வேல பத்தாதுன்னு வூட்லயும் ஆரம்பிச்சிட்டியா?"

பிடித்துக் கொடுத்தார். கிளினிக்கில் காய்ச்சினேன். செங்கல் நிறம். பாட்டிலில் குற்றம் இல்லை. நானே கழுவியது.

டாக்டர் மாத்திரை எழுதினார். சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திருச்சிக்குப் போய் ரத்தம் பார்க்கச் சொன்னார். கிளினிக்கில் மிச்சமாக இருந்த ஒரு கண்ணாடிக் குழாயையும் ஒரு பாட்டில் நீல மருந்தையும் கொடுத்தார். வீட்டிலேயே தினமும் பாருங்கள் என்றார்.

தினமும் பார்த்தேன். காலையில் அவர் வெளியே போவதற்கு முன்னால் காய்ச்சிவிடுவேன். நாள் காலண்டரில் அன்றைய தாளில் ஓர் எழுத்து எழுதுவேன். செங்கலுக்குச் செ. மஞ்சளுக்கு ம. பச்சைக்குப் ப. நீலத்துக்கு நீ. ஆரம்பத்தில் எல்லாம் செ.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் வேண்டிக்கொண்டார். என் வீட்டுக்காரரின் அக்கா, அடுத்த தெருவில் இருந்தார். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டுதல். தம்பிக்குச் சர்க்கரை போய்விட்டால் தம்பியின் எடைக்கு எடை வெல்லம் கொடுப்பதாக. எவ்வளவு வெல்லம் சேர்க்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே என்று, கடலை மண்டிக்கு அவரைக் கூட்டிப்போய்த் தராசில் ஏற்றினார். ஐம்பத்திரண்டு கிலோ. நல்ல உயரமான ஆள். இளைத்துப்போயிருந்தார்.

நான் அவர் வாயைக் கட்டினேன். காலையில் கம்பங்கூழ். மத்தியானம் ஒரு கரண்டி சோறு, மீதிக்குக் கீரை. ராத்திரிக்குக் கேழ்வரகுக் களி. டீக்குச் சர்க்கரை கிடையாது. தேர், திருவிழா, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவர் பின்னாலேயே போவேன். இலையில் ஜாங்கிரி விழுந்தால் எடுத்து என் இலையில் போட்டுக்கொள்வேன். பந்தியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

"என்னா மச்சான், போலீசு கூடவே உக்காந்திருக்கு?"

"போலீசா இருந்தா லஞ்சம் குடுத்துப் பாத்திருப்பேன். இது அதுக்கும் மசியாது."

செ எல்லாம் ம ஆயிற்று. ம எல்லாம் ப ஆயிற்று. ஒரு வருஷம் கழித்து முதல் நீ எழுதினேன். பிறகு நீ வருவது வழக்கமாகிவிட்டது. அந்த முதல் வருஷத்தில் இரண்டு தடவை திருச்சிக்குப் போய் ரத்தமும் பார்த்தோம். பரவாயில்லை என்றார்கள்.

அப்புறம் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று பிற்பாடு பல பேர் கேட்டார்கள். அவருக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. ஒரு நாள் கூலி போகும். இதெல்லாம் சொல்லலாம். உண்மை அது இல்லை. அந்த நீலம் என் வேலை என்று நினைத்தேன். என் களி, என் கீரை, என் கண்காணிப்பு. அதை இன்னொருவர் ஊசி குத்திச் சரிபார்க்க வேண்டியதில்லை என்று மனதுக்குள் இருந்தது. டாக்டர் எப்போதாவது கேட்பார்.

"வீட்டுக்காரருக்கு ரத்தம் எப்ப பாத்தீங்க?"

"நீலமாத்தாங்க இருக்கு."

"இருந்தாலும் ஒரு தடவ பாத்துடுங்க."

"சரிங்க."

இப்படி நான்கு வருஷம் போனது.

நாத்தனாரின் வேண்டுதலும் தள்ளிக்கொண்டே போனது. ஒரு வருஷம் மழை இல்லை. ஒரு வருஷம் மாமியார் செத்துத் தீட்டு. அடுத்த வருஷம் நாத்தனார் வீட்டில் கல்யாணம். கடைசியில் ஒரு பங்குனியில் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். நாத்தனார் ஐம்பத்திரண்டு கிலோ உருண்டை வெல்லம் சேர்த்து வைத்திருந்தார். அத்தனை வருஷம் ஆயிற்றே, இப்போதைய எடையைப் பார்த்துவிடலாம் என்று மறுபடியும் அதே கடலை மண்டிக்குப் போனோம்.

மண்டிக்காரர் அவரைத் தராசில் ஏற்றினார். அறுபத்தொரு கிலோ.

"உடம்பு தேறிட்டீங்க மாமா" என்றார் மண்டிக்காரர். "இன்னும் ஒம்போது கிலோ வெல்லம் வேணும். எறங்குங்க சீக்கிரம், எறும்பு ஏறிடப்போகுது."

"எறும்பெல்லாம் போயி நாலு வருசம் ஆச்சு மாப்ள. கேட்டுப் பாரு இவள" என்றார் என் வீட்டுக்காரர்.

நாத்தனார் சந்தோஷமாக இன்னும் ஒன்பது கிலோ வாங்கினார். தம்பி உடம்பு போட்டதற்காக அதிகம் கொடுப்பது அவருக்குப் பெருமையாக இருந்தது. எனக்கும்தான். முகம் உப்பி வழவழப்பாக இருந்தது. பழைய செருப்பு கால் கொள்ளாமல் புதுசு வாங்கியிருந்தோம். சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் செருப்பு வார் பட்ட இடம் பள்ளமாகத் தெரியும். நான் அதைப் பார்க்காமல் இல்லை. வரப்பில் நிற்கிற கால், வீங்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். கிளினிக்கில் இப்படிக் காலோடு வந்தவர்களை வரிசையில் முன்னால் தள்ளி உட்கார வைத்தவள் நான்.

கல்லங்குறிச்சிக்குப் பஸ்ஸில் போனோம். வெல்லத்தை முதல் நாளே மாட்டு வண்டியில் அனுப்பிவிட்டோம். வெல்லத்தைக் கொடுத்துக் கும்பிட்டோம். நாத்தனார் வெளியே மரத்தடியில் அடுப்பு கூட்டிச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். இலையில் போட்டதும் இவர் என்னைப் பார்த்தார். சின்னப் பையன் பார்ப்பது மாதிரி இருந்தது.

"இன்னிக்கு ஒரு நாளைக்குச் சாப்புடட்டும் வுடு" என்றார் நாத்தனார். "சாமி குடுக்கறது."

"சாப்புடுங்க" என்றேன்.

இரண்டு இலை சாப்பிட்டார். ஐந்து வருஷத்துப் பசி. மூன்றாவது தடவை வைக்க வந்தபோது அவரே கையைக் குறுக்கே நீட்டினார்.

அரியலூர் வந்து, பெரம்பலூர் வந்து, வீடு சேர விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. வந்ததும் ஒன்றுக்குப் போக எழுந்தார். நான் சீசாவைக் கொடுத்தேன்.

"இன்னிக்கி வேணாம் புள்ள. செங்கச் சூளையே தெரியும். தெரிஞ்சு என்ன பண்ணப்போற?"

"எவ்வளவு ஏறியிருக்குன்னு பாக்கணும். நாளைக்கிச் சோத்தக் கொறைக்கணும்ல."

காய்ச்சினேன். மஞ்சளாவது வரும் என்று இருந்தேன். நீலம். கொதித்து அடங்கி ஆறிய பிறகும் நீலம். விளக்கு வெளிச்சத்தில் தப்பாகத் தெரிகிறதோ என்று வாசலுக்குக் கொண்டுபோனேன். வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. பச்சையின் சாயல்கூட இல்லை.

அவர் எட்டிப் பார்த்தார். "பாத்தியா? பொங்கலு தின்னும் ஒண்ணுமில்ல. வேண்டுதல் பலிச்சிடுச்சு." தெருவில் போய் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். நாத்தனார் நின்ற இடத்திலேயே கல்லங்குறிச்சித் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நல்ல உடம்புக்காரனுக்கு நீலம் வரும், சரி. இவர் சர்க்கரைக்காரர். ஒரு கரண்டி சோறு கூடினால் பச்சை காட்டிய உடம்பு. இரண்டு இலை வெல்லப் பொங்கலுக்கு நீலம் வரக்கூடாது. மருந்து கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

மறுநாள் வீட்டில் இருந்த மருந்தையும், அவருடைய காலை மூத்திரத்தையும் கிளினிக்குக்கு எடுத்துப்போனேன். துறையூர் ரோட்டு டீக்கடைக்காரர் ஒருவர் வாராவாரம் வருவார். அவருடையது எப்போதும் செங்கல் நிறம். அதில் எட்டுச் சொட்டு எடுத்து, என் வீட்டு மருந்தில் விட்டுக் காய்ச்சினேன். கொதிக்க ஆரம்பிக்கும்போதே செங்கல். மருந்து நன்றாகத்தான் இருந்தது.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். பொங்கல் தின்றது, நீலம் வந்தது, மருந்தைச் சரிபார்த்தது எல்லாம். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"கால் வீக்கம் இருக்கா?"

"இருக்குதுங்க."

"மூஞ்சி?"

"காலைல உப்பியிருக்குதுங்க."

"எவ்வளவு நாளா?"

"புதுச் செருப்பு வாங்குனதுலருந்துங்க."

"இன்னொரு குழாய் எடுங்க. மருந்து வேணாம். மூத்திரத்த மட்டும் ஊத்திக் காய்ச்சுங்க. கொதி வந்ததும் ஆசிட் ரெண்டு சொட்டு."

அந்தச் சோதனை எனக்குத் தெரியும். சிறுநீரகம் கெட்டால் உடம்புச் சத்து மூத்திரத்தில் இறங்கும், காய்ச்சினால் அது வெள்ளையாகத் திரளும். மாசமாக இருக்கும் பெண்களுக்கு எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். என் வீட்டுக்காரருக்குச் செய்ததில்லை. அவருக்குச் சர்க்கரை, சர்க்கரைக்கு நீல மருந்து, அவ்வளவுதான் எனக்கு. விளக்கில் காட்டினேன். அடியில் வெள்ளை கட்டியது. ஆசிட் விட்டதும் முட்டை வெள்ளை வெந்த மாதிரி திரண்டு நின்றது.

டாக்டர் குழாயை வாங்கி ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தார். திட்டவில்லை. "நாளைக்கே திருச்சி போங்க. காலம்பர வெறும் வயித்தோட" என்றார். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

திருச்சியில் ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏகத்துக்கும் இருந்தது. சிறுநீரகம் பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை. அங்கே இருந்தவர் வயதான டாக்டர். அவசரப்படாமல் பேசினார்.

"சிறுநீரகம் சர்க்கரைய சும்மா வெளிய விடாது. ரத்தத்துல ஒரு அளவுக்கு மேல போனாத்தான் மூத்திரத்துல வழியும். எல்லாருக்கும் ஒரு மட்டம் இருக்கு. ரொம்ப நாளா சர்க்கரை இருந்து சிறுநீரகம் கெட்டா, சில பேருக்கு அந்த மட்டம் மேல ஏறிடும். ரத்தத்துல எவ்வளவு இருந்தாலும் மூத்திரத்துல வராது. நீலமாவே காட்டும்."

என் வீட்டுக்காரர்தான் கேட்டார்.

"ஏரி கலிங்கு மாதிரிங்களா?"

டாக்டருக்குப் புரியவில்லை. இவர் சொன்னார்.

"எங்க ஏரி நெறஞ்சா மிச்சத் தண்ணி கலிங்கு வழியா வழிஞ்சு போயிரும். ஒரு வருசம் எங்காளுங்க தண்ணி கூட நிக்கட்டும்னு கலிங்கு மேல கல்லும் மண்ணும் வெச்சு ஒசத்திப்புட்டாங்க. கீழ நின்னு பாத்தா கலிங்கு காஞ்சு கெடக்கும். ஏரில தண்ணி இல்லன்னு நெனச்சுப்போம். மேல ஏறிப் பாத்தா கரை மட்டத்துக்கு நிக்குது."

"அதேதான்" என்றார் டாக்டர். "உங்களுக்குக் கலிங்கு ஏறிடுச்சு."

"அந்த வருசம் கரை ஒடஞ்சு போச்சுங்க" என்றார் இவர்.

டாக்டர் சீட்டை எடுத்தார். மாத்திரையை நிறுத்தி ஊசி எழுதினார். உப்பை நிறுத்தச் சொன்னார். வீக்கம் வடிய மருந்து கொடுத்தார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"எப்பருந்துங்க அந்த நீலம் பொய்யாச்சு?"

"அது யாருக்கும் தெரியாதும்மா. மொதல்ல வந்த நீலம் நெசமா இருந்திருக்கலாம். எந்த மாசத்துல மாறுச்சுன்னு இப்ப சொல்ல முடியாது. ரத்தம் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். சிறுவாச்சூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்.

"ஒன்ன ஒண்ணும் சொல்லல. நீ நெறத்தப் பாத்த, சொன்ன."

"திருச்சிக்குப் போவ வேணாம்னு நான்தான் இருந்தேன்."

"நானும்தான் வரலன்னேன். வுடு."

வீட்டில் நாத்தனார் காத்திருந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். இவர் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"பெருமாளுக்கு ஒம்போது கிலோ வெல்லம் அதிகமாப் போயிடுச்சுக்கா. அது என் எடை இல்லியாம். தண்ணியாம்."

நாத்தனாருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவர் சிரித்ததால் அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வீக்கம் வடிந்தது. ஒரு மாதம் கழித்து மண்டியில் ஏறிப் பார்த்தார். ஐம்பத்தொன்று. ஊசியை நானே போட்டேன். அதைக் கிளினிக்கில் பார்த்துப் பார்த்துக் கற்றிருந்தேன். மாதம் ஒரு தடவை திருச்சிக்குப் போய் ரத்தம் பார்த்தோம். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். உப்பில்லாத களியை அவர் குறை சொல்லாமல் தின்றார். சில நாள் வாயில் வைத்துவிட்டு, இதில் கொஞ்சம் மண் போட்டால் ருசியாக இருக்கும் என்பார்.

இரண்டரை வருஷம் இருந்தார். கடைசி மூன்று மாதம் சாப்பாடு இறங்கவில்லை. ஓயாமல் வாந்தி. திருச்சியில் இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். புரட்டாசி மாதம் ஒரு மத்தியானம் போய்விட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளினிக்குக்குப் போனேன். வீட்டில் இருந்த கண்ணாடிக் குழாயைக் கழுவி அங்கேயே திருப்பி வைத்தேன். அது அவர்களுடையது. காலண்டர்த் தாளையெல்லாம் ஒரு கம்பியில் கோர்த்து வைத்திருந்தேன். அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. வெகு நாள் பரணில் கிடந்தது. பிறகு அடுப்பெரிக்கப் போட்டேன்.

கிளினிக்கில் அதே வேலைதான். மூத்திரம் காய்ச்சுவேன், நிறம் சொல்வேன். என் வீட்டுக்காரர் போன அடுத்த ஆடியில் ஒரு பெண் வந்தாள். ஏழெட்டு வருஷமாகச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துப் போகிறவள். நான் குழாயை ஆறவைத்துக்கொண்டிருக்கும்போது பெஞ்சிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"நீலந்தானே ஆயாம்மா?"

"நீலந்தான்."

"அப்பாடி. அப்ப நான் போயிட்டு வரேன். பஸ்சு வந்துடும்."

"அடுத்த பஸ்சுல போவலாம். உக்காரு" என்றேன். "காலக் காட்டு."

அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கினாள். நான் கீழே உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேல் எலும்பின்மீது கட்டை விரலை வைத்து அழுத்தினேன். பத்து எண்ணிவிட்டு எடுத்தேன். பள்ளம் விழுகிறதா என்று பார்த்தேன்.